தசமிச் சனிக்கிழமை: உயிர் இரையோடு பாகான் டத்தோ கடலில் ஒரு நாள்

தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "நாங்கள் மூன்று பேர். ஆற்றோரத்தில் உட்கார்ந்து கெலாமா, டூரி மாதிரி மீன்கள் பிடித்துப் பழகியவர்கள். அடுத்த மாதம் பௌர்ணமிக்கு மறுநாள், சனிக்கிழமை, முதல்முறையாகப் படகெடுத்து பாகான் டத்தோ கடலுக்குப் போகிறோம். பேக்கெட்டில் விற்கும் உறைந்த இறாலும் சோத்தோங்கும் (கணவாய்) போதாதா? உயிர் இரைக்குக் காசு செலவு செய்யத்தான் வேண்டுமா? உயிர் இரையில் உங்களுக்கு மறக்க முடியாத நாள் ஒன்று இருந்தால் அதையும் சொல்லுங்கள்."

இரையைப் பிறகு பார்ப்போம் தம்பி. முதலில் அந்தத் தேதியை மாற்றுங்கள்.

பௌர்ணமி, அமாவாசை நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். கிள்ளான் துறைமுகப் பக்கம் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 5 மீட்டரை நெருங்கும். பாகான் டத்தோ இருக்கும் நம் பேராக் கரையில் அவ்வளவு இல்லை. ஆனாலும் பேராக் ஆறு கடலில் சேரும் இடம் என்பதால் வற்றத்து நீரும் ஆற்று நீரும் சேர்ந்து ஓடும்போது அரைக் கிலோ ஈயம்கூடத் தரையில் நிற்காது. தூண்டிலில் கோத்த இறால் காத்தாடி மாதிரி சுற்றிச் சுற்றியே செத்துவிடும். சேறு கலங்கி, மீனுக்குத் தன் மூக்குக்கு முன்னால் இருப்பதே தெரியாது. கொடுத்த காசுக்குப் படகுச் சவாரிதான் மிஞ்சும். மலாய்க்காரத் தூண்டில்காரர்கள் வெறும் கையோடு திரும்புவதைக் 'கும்பாவ்' என்பார்கள். முதல் பயணமே கும்பாவ் ஆகிவிட்டால் உங்கள் நண்பர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

பாதி நிலா நாட்களில் கதை வேறு. சூரியனும் சந்திரனும் ஒன்றுக்கொன்று குறுக்கே நின்று இழுப்பதால் நீர் சோம்பலாக நகரும். தெக்கோங்குகள், அதாவது படகோட்டிகள், அதை 'ஆயர் மாத்தி' என்பார்கள், செத்த தண்ணீர். நமக்கு அதைக் கண்டுபிடிக்கச் செயலி எதுவும் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டி போதும். அஷ்டமியிலிருந்து ஏகாதசி வரை, வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும் சரி. என் தாய்மாமா இப்போதெல்லாம் வருடா வருடம் தை மாதமே உட்கார்ந்து அந்த நாட்களுக்கெல்லாம் பென்சிலில் சுழி போட்டுவிடுவார். அஷ்டமி, நவமியில் யாரும் நல்ல காரியம் வைக்கமாட்டார்கள் என்பதால் அன்றைக்குக் கல்யாண அழைப்பும் வராது என்பது அவர் கணக்கு. ஆகவே உங்கள் பயணத்தை ஒரு வாரம் தள்ளுங்கள். அதே சனிக்கிழமைதான், அடுத்த வாரத்துச் சனிக்கிழமை.

இனி இரை. உறைந்த இறால் போதுமா என்றால், எந்த மீனுக்கு என்று திருப்பிக் கேட்பேன். கெலாமா, டூரி, திருக்கை ஆகியவை வாசனையைத் தேடி வருகிற மீன்கள். அவற்றுக்குச் செத்த இறால் போதும், கொஞ்சம் நாற்றம் அடித்தால் இன்னும் நல்லது. கொடுவா, ஜெனாஹா, வஞ்சிரம், களவா இவையெல்லாம் வேட்டையாடுகிற மீன்கள். மீனின் உடம்பில் செவுளிலிருந்து வால் வரை ஓடுகிற ஒரு கோடு இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் ஏற்படும் சின்ன அதிர்வையும் அந்தக் கோடு உணரும். கலங்கின நீரில் உயிருள்ள இறால் ஒருமுறை வாலைச் சொடுக்கினால் போதும், கொடுவாவுக்குச் சேதி போய்விடும். செத்த இறாலால் அந்தச் சேதியை அனுப்ப முடியாது. அதனால் இரண்டையும் எடுத்துப் போங்கள். ஆனால் உயிர் இரையை வாங்குவதற்குக் கொடுக்கும் கவனத்தைவிட இரண்டு மடங்கு கவனத்தை அதை உயிரோடு வைத்திருப்பதற்குக் கொடுங்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, நல்ல மீன் கிடைக்காமல் போன நாட்களில் பாதிக்கு மேல் கடலின் குற்றமில்லை. இரை தொட்டியிலேயே செத்திருக்கும், அல்லது சாகக் கிடந்திருக்கும்.

மறக்க முடியாத நாளும் இதைப் பற்றியதுதான்.

நான் பிறந்து வளர்ந்தது ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்தில். இந்தப் பகுதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தெலுக் இந்தானிலிருந்து கடலை நோக்கி வரும் சாலையில் இரண்டு பக்கமும் செம்பனையும் தென்னையும்தான். 1906-இல் வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க்குக்காரர் ரப்பருக்காகத் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வரைக்கும் தோட்டத்துத் தமிழர்கள் நிறைந்த ஊர்கள். பாகான் டத்தோ 2017-இல் தனி மாவட்டமானது. தேங்காய்க்குப் பேர் போன இடம். சாலை முடிகிற இடத்தில் படகுத்துறை, அதற்கு அப்பால் ஆற்று வாய், அப்புறம் மலாக்கா நீரிணை. கடல் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பேர் படகில் கால் வைத்ததில்லை. மாமாவும் அப்படித்தான். தென்னந்தோப்பில் காய் வெட்டி, மட்டை இழுத்து, முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர். வாய்க்கால் ஓரத்தில் தூண்டில் போடுவார். கடலுக்கு வாருங்கள் என்றால், "அது நமக்கெதுக்குடா மாப்ள" என்பார்.

2019 மார்ச் 16, சனிக்கிழமை. வளர்பிறைத் தசமி. ஓய்வு பெற்றபின் முதல்முறையாக மாமா வருகிறேன் என்று சொன்னார். நான், மாமா, என் அக்கா மகன், அவனுக்கு அப்போது பதினான்கு வயது, தோட்டத்து நண்பர் ஒருவர். நால்வரும் விடிய நாலரைக்குக் கிளம்பினோம்.

முதல் வேலை உயிர் இறால். இங்கே ஒரு பழைய வருத்தத்தைச் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய வருடம் ஒரு இரைக்கடையில் நூறு இறால் வாங்கினேன். இருட்டில் பையைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். விடிந்து பார்த்தால் நாற்பது ஏற்கனவே வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. உயிருள்ள இறால் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே குடல் கறுப்புக் கோடாகத் தெரியும். உடம்பு பால் போல வெளுக்க ஆரம்பித்தால் அது அரை மணி நேரம்கூடத் தாங்காது. அன்றிலிருந்து டார்ச் இல்லாமல் இரை வாங்குவதில்லை. வெளிச்சம் அடித்தால் கண்கள் சிவப்பாக மின்ன வேண்டும், கையை விட்டால் பின்னோக்கிச் சொடுக்க வேண்டும். அன்றைக்கு எண்பது வாங்கினோம், ஒவ்வொன்றையும் பார்த்து வாங்கினோம்.

இறால் இருந்த தண்ணீரையே ஐஸ் பெட்டியில் நிரப்பிக் கேளுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, கொன்றுவிடும். ஆற்று வாயில் நீரின் உப்பு மணிக்கு மணி மாறும். ஒரே அடியாக மாற்றினாலும் இறால் தாங்காது. மணிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதுதான் சரி. ஐஸைக் கொட்டாதீர்கள். முந்திய இரவே ஒரு தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, மூடியபடி உள்ளே மிதக்க விடுங்கள். தண்ணீர் சூடாக ஆக அதில் தங்கும் பிராணவாயு குறையும், இறாலோ சூட்டில் இன்னும் வேகமாக மூச்சு வாங்கும். இரண்டு பக்கமும் அடி. செத்ததைக் கண்டவுடன் எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் அந்தத் தண்ணீரே மற்றதற்கு நஞ்சு.

வெயில் ஏறும் முன் ஆற்று வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டோம். இறாலைக் கோக்கும் விதத்தை அக்கா மகனுக்குக் காட்டினேன், அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். இறாலின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நெற்றிக் கொம்புக்குக் கீழே ஓட்டுக்குள் ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். முக்கியமான உறுப்புகள் அங்கே இருக்கின்றன. அதில் தூண்டில் முள் பட்டால் அந்த நொடியே முடிந்தது. பொட்டுக்கு முன்னால், கொம்பின் அடியில், மேல் ஓடு மட்டும் குத்துப்படும்படி முள் பக்கவாட்டில் போகவேண்டும். முள்ளும் மெல்லியதாக இருக்கவேண்டும். ஆற்றில் டூரிக்குப் போடும் தடித்த முள்ளைக் குத்தினால் இறால் கல்லைக் கட்டிக்கொண்டவன் மாதிரி அடியில் போய்ப் படுத்துவிடும். பையன் முதல் இரண்டைக் கொன்றான். மூன்றாவதை மாமா கோத்துக் காட்டினார். கத்தியும் அரிவாளும் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்கள் இறாலைப் பிடித்த பிடி இருக்கிறதே, பூவைப் பறிக்கிற மாதிரி இருந்தது.

காலை ஒன்பது மணிக்குள் காலா மீன் நான்கு ஏறியது. மலாயில் செனாங்ஙின் என்பார்கள். கன்னத்துக்குக் கீழே நூல் நூலாகத் தொங்குமே, அந்த மீன். அந்த நூல்களால் சேற்றைத் தடவித் தடவி இரை தேடும், அதனால் கலங்கின நீர் அதற்கு ஒரு பொருட்டில்லை. கூடவே ஒரு கொடுவா, நாலு கிலோ இருக்கும். கொடுவாவைத் தூக்கும்போது செவுள் மூடிக்குள் கையைக் கொடுத்துவிடாதீர்கள், அந்த விளிம்பு பிளேடு. இதைவிடப் பெரிதாக, ஏழு எட்டுக் கிலோவில் வந்தால் நான் விட்டுவிடுகிறேன். கொடுவா ஆணாகப் பிறந்து, சில வருடம் ஆணாகவே இருந்து, பிறகு பெண்ணாக மாறுகிற மீன். பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்தான். ஆற்று வாயில்தான் முட்டையிடும். அதைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுத்த வருடத்து மீனையும் சேர்த்துத் தூக்கி வந்ததாகத்தான் அர்த்தம். எல்லாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், எனக்குத் தெரியும். ஆனால் நான் இதில் பிடிவாதமாக இருக்கிறேன்.

வெயில் ஏறியதும் எங்கள் படகோட்டி, நாங்கள் தெக்கோங் அபாங் என்று கூப்பிடுபவர், நங்கூரத்தை எடுத்தார். புலாவ் செம்பிலான் தீவுகள் பக்கம் அவருடைய உன்ஜாம் ஒன்று இருந்தது. செம்பிலான் என்றால் ஒன்பது, ஒன்பது தீவுகள். செம்பிலாங் என்று கடைசியில் 'ங்' சேர்த்துச் சொன்னால் அது விஷ முள் கெளுத்தி. ஆற்று வாயில் அதுவும் உண்டு, ஜாக்கிரதை. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்துப்பட்ட இடத்தை அரை மணிக்குக் குறையாமல் வையுங்கள். அந்த விஷம் சூட்டில் முறியும். திருக்கை முள்ளுக்கும் அதுவே முதலுதவி. பிறகு கிளினிக்கைப் பாருங்கள். படகில் ஒரு பிளாஸ்க் சுடுதண்ணீர் காப்பிக்கு மட்டுமல்ல.

உன்ஜாம் என்பதை விளக்கவேண்டும். ஒரு நீளக் கயிற்றின் ஒரு முனையில் மணல் மூட்டையோ கல்லோ கட்டிக் கடலுக்கடியில் இறக்குவார்கள், மறுமுனையில் மிதவை. கயிறு நெடுகிலும் இடைவெளி விட்டுப் பச்சைத் தென்னை மட்டைகளைக் கட்டுவார்கள். வெறும் தண்ணீரில் ஒரு நிழல், ஒரு ஒதுங்குமிடம். சின்ன மீன் அதைத் தேடி வரும், சின்ன மீனைத் தேடிப் பெரிய மீன் வரும். மட்டை சில மாதத்தில் அழுகி உதிரும், மறுபடி கட்டவேண்டும். ஒவ்வொரு உன்ஜாமுக்கும் உரியவர் இருக்கிறார். கேட்காமல் பக்கத்தில் போகக்கூடாது, படகை அதில் கட்டவே கூடாது.

மிதவைக்குப் பக்கத்தில் இஞ்சினை அணைத்தோம். அங்கே நீர் தெளிவு. ஆற்றுச் சேறு பின்னால் தங்கிவிட்டது. மாமா படகு விளிம்பில் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று நான்கு ஆள் ஆழத்தில் ஓலைகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன, கறுத்துப்போய், ஈர்க்கு ஈர்க்காக. அவற்றைச் சுற்றி வெள்ளிப் பொடி தூவியது போல மீன் குஞ்சுகள்.

"டேய் மாப்ள, இது மட்டைடா. தென்ன மட்டை."

"ஆமா மாமா."

"நம்ம தோப்புக்கு லாரி எடுத்துட்டு வருவானுங்களே. பச்ச மட்டையா பொறுக்கி ஏத்துவானுங்க. நாந்தான் வெட்டிப் போடுவேன். எதுக்குடான்னு கேட்டா, லாவுட், லாவுட்னு கையக் காட்டுவானுங்க." லாவுட் என்றால் கடல். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இங்கதான் வந்திருக்கா."

தெக்கோங் அபாங்கிடம் நான் இதை மலாயில் சொன்னேன். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தானும் அங்கே மட்டை ஏற்றியிருக்கிறாராம். இது அதே மட்டையா என்று யாருக்கும் தெரியாது, மாமா ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியிருந்தது, மட்டை அவ்வளவு நாள் நிற்காது. மாமாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

இரை மீன் பிடிக்க அப்போலோ கட்டினோம். சின்னச் சின்ன முள்ளில் மினுங்கும் இழை கட்டி ஒரே நரம்பில், அதாவது தூண்டில் நூலில், ஐந்தாறு முள் வருமே, அது. கீழே ஈயம், மட்டைப் பக்கத்தில் இறக்கி லேசாக மேலும் கீழும் ஆட்டினால் போதும். கெம்போங்கும் செலாரும் இரண்டு மூன்றாக ஏறின. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மீனின் மேல் உள்ள வழவழப்புதான் அதன் தோலுக்குக் காப்பு. காய்ந்த கையால் பிடித்தால் அது போய்விடும், அரை மணியில் சாயும். முள்ளை வளைந்த கம்பியால் தட்டி, கை படாமல் நேராகத் தொட்டியில் விழ வையுங்கள். கெம்போங்குக்கு மூலை உள்ள பெட்டி ஆகாது, ஓயாமல் நீந்துகிற மீன், மூலையில் மூக்கை முட்டி முட்டிப் புண்ணாக்கிக்கொள்ளும். வட்டமான தோங், அதாவது பீப்பாய், வேண்டும். செலார் கொஞ்சம் முரடு, தாங்கும். தம்பான் செதில் உதிர்ந்து சீக்கிரம் போய்விடும். எங்கள் நீலத் தோங்கில் பதினெட்டு விட்டோம். அதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டோம். நூறு பிடிக்க முடியும் என்பதற்காக நூறு பிடித்தால் நூறும் சாகும்.

பத்து மணி இருக்கும். தெக்கோங் நீரோட்டம் பார்த்துப் படகைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார். நாங்கள் நரம்பு கட்டுவதில் இருந்தோம். மாமாதான் சொன்னார்: "சத்தம் நின்னுபோச்சே."

ஏர் பம்ப் நின்றிருந்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் டவுனில் ஒரு கடையில் வாங்கியது, புத்தம் புதுசு. பேட்டரி மாற்றினேன், தட்டினேன், ஊதினேன், ஓடவில்லை. தோங்கில் கெம்போங்குகள் ஏற்கனவே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அந்தக் காட்சி தெரிந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், இன்னும் பத்து நிமிடம்தான் என்று அர்த்தம்.

மாமா ஒன்றும் கேட்கவில்லை. காப்பித் தூள் போட்டுக் கொண்டுவந்திருந்த மைலோ டின்னைக் காலி செய்தார். தோங்கிலிருந்து தண்ணீரை மொண்டு, கையை முகத்துக்கு நேரே உயர்த்தி, மெல்லிசாக ஊற்றினார். மறுபடி மொண்டார், ஊற்றினார். தண்ணீர் உயரத்திலிருந்து விழும்போது காற்றை இழுத்துக்கொண்டு போகிறது, பம்ப் செய்கிற அதே வேலை. அஞ்சு டின்னுக்கு ஒரு டின் வெளியே கொட்டி, கடலிலிருந்து புதுசாக ஒரு டின். நாற்றங்காலில் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றின கை. பாத்தி கலங்காமல் ஊற்றுவது எப்படி என்று அதற்குத் தெரியும். கால் மணி நேரத்தில் மீன்கள் கீழே இறங்கிச் சுற்ற ஆரம்பித்தன. அதற்குப் பிறகு நாங்கள் முறை போட்டு ஊற்றினோம். இரண்டு மணி நேரம். ஐந்து செத்தது, பதிமூன்று பிழைத்தது.

உங்களுக்கு நான் சொல்வது, இரண்டு பம்ப் எடுத்துப் போங்கள். அதற்கும் மேலே ஒரு டின்.

பதினொன்றரை. வற்றம் ஓய்ந்து நீர் திரும்பப்போகிற நேரம். இரண்டு தூண்டில் விட்டிருந்தோம். ஒன்று அடியில், ஒன்று நடு ஆழத்தில் மிதவை கட்டி. சிலர் மிதவைக்குப் பலூன் கட்டுவார்கள். நானும் கட்டியிருக்கிறேன், இப்போது விட்டுவிட்டேன். வெடித்த பலூன் கடலில் ஜெல்லி மீன் மாதிரி மிதக்கும், ஆமை விழுங்கிவிடும். ஒரு சின்னக் காலி பாட்டில் அதே வேலையைச் செய்யும், திரும்பவும் கைக்கு வரும். கெம்போங்கை மேலுதட்டில் கோத்திருந்தோம், நீரோட்டத்தை எதிர்த்து நிற்க அதுதான் வசதி. நீர் நின்றுபோன நேரமானால் முதுகுத் தூவிக்கு முன்னால், எலும்பைத் தொடாமல் கோக்கலாம். முள் 5/0 வட்ட முள். முன் நரம்பு 60 பவுண்டு. வஞ்சிரம் மட்டும்தான் குறி என்றால் ஒரு சாண் கம்பி சேர்க்கவேண்டும், அதன் பல் நரம்பை நூலாக அறுத்துவிடும்.

மிதவைத் தூண்டில் மாமா கையில். நான் பக்கத்தில். தூண்டில் நுனியைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். உயிர் இரையின் சிறப்பே அதுதான். கெம்போங் நிம்மதியாக நீந்தும்போது நுனி சீராகத் தலையாட்டும். திடீரென்று அந்த ஆட்டம் மாறியது. டக்டக்டக்டக் என்று பொறுக்க முடியாத நடுக்கம். கீழே எதையோ பார்த்துவிட்டு ஓட இடம் தேடுகிறது. மாமாவின் கை முறுக்கேறியது.

"இழுக்காதீங்க மாமா. ஒண்ணும் செய்யாதீங்க."

நடுக்கம் நின்றது. நரம்பு தொய்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் பாட்டில் மிதவை தண்ணீருக்குள் சாய்வாகப் போனது, விசுக்கென்று இல்லை, நடந்து போகிற மாதிரி. "இப்ப சுத்துங்க. தூக்கிச் சொடுக்காதீங்க, சுத்த மட்டும் செய்ங்க." வட்ட முள்ளின் ரகசியமே அவ்வளவுதான். சொடுக்கினால் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும், பொறுமையாகச் சுற்றினால் தானே உதட்டோரத்தில் போய் மாட்டும். தூண்டில் வில்லாக வளைந்தது. ரீல் அலறியது.

ரீலில் நரம்பின் இறுக்கத்தை வைக்கும் ட்ராக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதீர்கள். வீட்டிலேயே தராசு மாட்டி இழுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் ஓடும்போது பதற்றத்தில் குமிழைத் திருகித்தான் முக்கால்வாசிப் பேர் மீனை விடுகிறார்கள். மாமா அதைத் தொடவே இல்லை. அது எதற்கு என்றே அவருக்குத் தெரியாது.

இருபது நிமிடத்துக்கு மேல் போனது. ஒருமுறை உன்ஜாம் பக்கம் திரும்பியது, கயிற்றில் சுற்றினால் போச்சு. தெக்கோங் இஞ்சினைப் போட்டுப் படகை மெல்ல வெளியே இழுத்தார். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நான் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், பதில் இல்லை. பிறகு அது மேலே வந்தது. பழுப்பு முதுகு, பக்கவாட்டில் வெளுத்த பட்டை, தட்டையான தலை.

"யூ! யூ!" என்று கத்தினான் அக்கா மகன், சுறா என்று நினைத்து.

"சுறா இல்லடா," என்றார் மாமா. "விறால் மாதிரி இருக்கு."

சரியாகச் சொன்னார். அது கடல் விறால். மலாயில் அதன் பெயர் அருவான் தாசெக். அருவான் என்றாலும் விறால்தான். இரண்டு மொழிக்காரர்களும் அந்தத் தட்டைத் தலையைப் பார்த்துவிட்டு வயல் விறாலையே நினைத்திருக்கிறார்கள். இதன் குடும்பத்தில் இந்த ஒரே ஒரு இனம்தான் உண்டு, அண்ணன் தம்பி கிடையாது. மிதக்கிற எதையும் தேடி வரும், உன்ஜாம், மரக்கட்டை, ஆமை, திருக்கை எதுவானாலும் அடியில் நிற்கும். 1985-இல் ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் தூண்டிலில் பிடிபட்ட ஒன்று 61.5 கிலோ. எங்களுடையது அதன் கால்தூசு, ஆனால் எங்கள் படகுக்கு அது பெரிசு.

படகோரம் வந்ததும் சாதுவாக மிதந்தது. நண்பர் வலையை நீட்டினார். தெக்கோங் கத்தினார்: "ஜாங்ஙான் நாயிக் டூலு! பியார் டியா பெனாட்!" இன்னும் ஏற்றாதே, களைக்க விடு. இந்த மீனின் குணம் அது. படகுக்கு வெளியே பசு மாதிரி நிற்கும், களைக்காமல் உள்ளே போட்டால் பெட்டி, தோங், ஆள் கால் எல்லாவற்றையும் உடைக்கும். சொன்ன மாதிரியே இன்னும் இரண்டு ஓட்டம் ஓடியது. மூன்றாவது முறை வலையில் தலை முதலில் ஏற்றி, ஈரச் சாக்கைக் கண்ணில் போர்த்தி, உடனே செவுளை வெட்டி இரத்தம் வடித்து, ஐஸும் கடல் தண்ணீரும் கலந்த பெட்டியில் இறக்கினோம். வெறும் ஐஸைவிட அந்தக் கலவை சீக்கிரம் குளிர்விக்கும், சதை கெட்டியாக நிற்கும்.

மாமா உட்கார்ந்துவிட்டார். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. தோங்கில் மிச்சமிருந்த கெம்போங்கை எட்டிப் பார்த்தார். பிறகு டின்னை எடுத்து மறுபடி ஊற்ற ஆரம்பித்தார்.

படகுத்துறைத் தராசில் 12.8 கிலோ. அன்று எங்களுக்கு வேறு மீன்களும் ஏறின, அதெல்லாம் எப்போதும் ஏறுவதுதான். கடைசியில் உயிரோடு இருந்த ஆறு கெம்போங்கையும் உன்ஜாம் பக்கத்திலேயே விட்டுவிட்டுத்தான் திரும்பினோம், மாமா கேட்டுக்கொண்டார். சாயந்திரம் லயத்தில் எட்டு வீட்டுக்குப் பங்கு போனது. தலை மாமா வீட்டுக்கு. அத்தை புளி கரைத்து, வெண்டைக்காயும் கத்தரிக்காயும் போட்டு வைத்த தலைக்கறி, மறுநாள் காலை பழைய சோற்றோடு இன்னும் நன்றாக இருந்தது.

ஒன்று மிச்சம் இருக்கிறது, கண்டிப்பாகச் சொல்லவேண்டியது. நம் மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் 'சுமாத்ரா' என்கிற புயல்வரிசை வரும். சுமாத்ரா பக்கமிருந்து நீரிணையைத் தாண்டி, இருட்டில், ஒரு கறுப்புச் சுவர் மாதிரி. வருவதற்குச் சற்று முன் காற்று சில்லென்று மாறும். ஒரு ஜூன் மாதம் ஆற்று வாயிலேயே நாங்கள் அதில் மாட்டி, தீவின் மறைவு கிடைக்காமல், ஒரு மணி நேரம் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்தோம். மேற்கே அடிவானம் கறுத்தால் எந்த மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டுக் கரைக்கு வாருங்கள். பாதுகாப்பு அங்கியைப் பெட்டிக்கு மேல் வைக்காமல் உடம்பில் போடுங்கள், மூன்று பேரும். எந்தத் துறையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 999. போனை நீர் புகாத பையில் கழுத்தில் மாட்டுங்கள்.

தேதியை ஒரு வாரம் தள்ளிவிட்டு எனக்கு ஒரு வரி போடுங்கள். நாங்களும் அந்த வாரம்தான் கிளம்புகிறோம். தெக்கோங் அபாங் உன்ஜாமுக்குப் புது ஓலை கட்டுகிறாராம். வேனில் பத்துப் பச்சை மட்டை ஏற்ற இடம் வைக்கச் சொல்லியிருக்கிறார் மாமா, தானே பார்த்து வெட்டப்போகிறாராம்.